அச்சில் பிழைத்த காசு, உப்பில் சிவந்த காசு

பழவேற்காட்டில் கடை வைத்திருப்பவன் கைக்கு வரும் சில்லறை, பொன்னேரிக் கடைக்காரன் கைக்கு வரும் சில்லறை மாதிரி இருக்காது. இங்கே காசு ஈரத்தோடு வரும். நண்டும் இறாலும் அள்ளிய கையோடு பெண்கள் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். படகில் தார்ப்பாய்க்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்ததும் வரும், ஏரிச் சேற்றில் காலில் தட்டுப்பட்டதும் வரும். அப்படி வரும் ஐந்து ரூபாய்க் காசுகளில் சில செக்கச்செவேலென்று இருக்கும்.

"அண்ணே, இது செம்புல அடிச்ச காசாம். ஒரு காசு லட்ச ரூபா போகுதுன்னு வீடியோல சொல்றான்" என்று கோரைக்குப்பத்துத் தம்பி ஒருவர் போன மழைக்காலத்தில் கொண்டுவந்து நீட்டினார். நான் காசு சேகரிப்பவன் என்பது சுற்றுவட்டக் குப்பங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கேள்வி என் கடைக்கு அடிக்கடி வருகிறது.

அது செம்புக் காசு இல்லை. மஞ்சள் ஐந்து ரூபாயில் நூற்றுக்கு 75 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம், 5 பங்கு நிக்கல். உப்புநீரில் நெடுநாள் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும். மேற்பரப்பில் செம்பு மட்டும் தங்கும், காசு சிவக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிவப்பு திட்டுத் திட்டாக இருந்தது, எழுத்துகளின் இடுக்கில் பழைய மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாணயச் சாலையில் வேறு உலோகத்தில் அடிபட்ட காசாக இருந்தால் நிறம் எங்கும் ஒன்றுபோல இருக்கும், எடையும் மாறும். 2019க்கு முந்தைய வடிவத்தில் வந்த மஞ்சள் ஐந்து ரூபாய் 6 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகுக் காசுகளையும் உப்பு விடுவதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தான், கடல் உப்பு அதிலும் ஊசி குத்தியது போலக் குழி போடும். அந்தக் குழியையும் பிழை என்று சொல்லிக் கொண்டுவருகிறார்கள்.

பிழைக் காசு என்றால், நாணயச் சாலையின் கதவைத் தாண்டுவதற்கு முன்பே பிழைபட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நேர்ந்ததெல்லாம் சேதம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

காசு பிறக்கும் விதம் எளிது. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுவார்கள். வில்லையின் ஓரத்தை அழுத்தி, சற்று எழுந்து நிற்கும்படி செய்வார்கள். சூடாக்கி மிருதுவாக்கி, கழுவி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அழுத்துவார்கள். உலோகம் பக்கவாட்டில் பரவாமல் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். எந்தப் பிழையும் இவற்றில் ஏதோ ஒரு கட்டத்தில்தான் நேர்ந்தாக வேண்டும்.

என்னிடம் ஓர் ஒரு ரூபாய்க் காசு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று எழுதியிருக்கும் வலது ஓரத்தில், பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை. தகடு போதுமான தூரம் நகர்வதற்குள் வெட்டுக்கருவி இறங்கி, முந்தைய ஓட்டையோடு சேர்த்து வெட்டிவிட்டது. யாரோ அரத்தால் ராவிவிட்டார்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? நேர் எதிரே, இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு எழவே இல்லை, மழுங்கிப்போயிருக்கிறது. ஓரத்தை அழுத்தும் கருவியில் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழவில்லை. வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டிய எழுத்தும் அந்தப் பள்ளத்தை நோக்கி லேசாக இழுபட்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ராவுகிறவனால் இந்த இரண்டையும் கொண்டுவர முடியாது. சின்னக் காசுதான், ஆனால் அதை லென்ஸில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

அடுத்தது கோடு. காசின் முகத்தில் ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள். மேடாக இருந்தால் அச்சு விரிசல் விட்டிருக்கிறது, அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து மேடாகியிருக்கிறது. பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல். எழுத்து காணாமல் போனாலும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். அச்சின் குழியில் மசகும் அழுக்கும் அடைத்திருந்தால் எழுத்து விழாது, ஆனால் அந்த இடம் வழுவழுப்பாக, சுற்றியுள்ள பரப்பின் அதே மெருகோடு இருக்கும். தேய்த்து அழித்த இடத்தில் லென்ஸ் வைத்தால் கோடுகள் தெரியும்.

சிங்கமுகம் நேராகத் தெரியும்படி காசைப் பிடித்து, புத்தகப் பக்கத்தைப் புரட்டுவது போலத் திருப்பினால் நம் ரூபாய்க் காசின் பின்பக்கமும் நேராக இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. வீட்டுச் சில்லறையில் தேடத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம், லென்ஸ்கூடத் தேவையில்லை.

ஒரு முகத்தில் உருவம் மேடாகவும், மறுமுகத்தில் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போலக் குழிந்தும் இருந்தால் அது அரிய வகை. முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அழுந்தியதால் வருவது. இதில்தான் போலியும் அதிகம். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வைஸில் இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குழிந்த உருவத்துக்கு அடியில் பழைய உருவத்தின் மிச்சம் நசுங்கிக் கிடக்கும்.

பத்து ரூபாயில் நடு வில்லை இல்லாத காசைக் காட்டினால் நான் பெரும்பாலும் தலையசைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சுத்தியலால் தட்டி நடுவை எடுக்கும் வேலை ஊரெங்கும் நடக்கிறது. உண்மையிலேயே நடு இல்லாமல் அடிபட்டிருந்தால் வளையத்தின் உள்ளோரம் அழுத்தத்தில் உள்நோக்கிப் பரவியிருக்கும், நேராக நறுக்கியது போல இருக்காது.

பிழையே இல்லாததைப் பிழை என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், சாய்சதுரம் என்றால் மும்பை. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா, குறி விட்டுப்போனது என்று பொருளில்லை. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 2012ஆம் ஆண்டுக் காசு, தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரம் ஆண்டுக்காக 2010இல் வந்த ஐந்து ரூபாய், காமராசர் காசு, அண்ணா காசு எல்லாம் நினைவு நாணயங்கள். அழகானவை, எடுத்து வையுங்கள். லட்சம் கிடைக்காது.

எங்கள் ஊருக்கே ஒரு காசு வரலாறு உண்டு. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இங்கேயே செப்புக்காசு அடித்தார்கள், தங்கள் கம்பெனியின் மூன்று எழுத்துகளைப் பின்னிய முத்திரையோடு. கையால் சுத்தியலடித்த காசு. வில்லையும் சரியான வட்டமில்லை, முத்திரையும் நடுவில் விழுந்திருக்காது. அந்தக் காலத்துக் காசில் கோணல்தான் இயல்பு, ஆகவே கோணலுக்கென்று தனி விலை கிடையாது. மண்ணில் புதைந்து கிடந்த பழங்காசு, மதிப்பில் பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கோட்டைப் பக்கம் தோண்டித் தேடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு விஷயத்தில். ஏரியில் இறால் குறைந்த நாட்களில்தான் இந்த லட்ச ரூபாய் வீடியோக்கள் குப்பத்துக் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், காசை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவனுக்குப் பதிவுக் கட்டணம், வரி என்று தவணை தவணையாகப் பணம் அனுப்பியது. வலை வாங்க வைத்திருந்த பணம் அது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய வாங்கல் விற்றலில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது.

உங்கள் சில்லறையில் சந்தேகப்படும்படி ஒரு காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள், புளி போட்டுக் கழுவாதீர்கள், தனியாக ஒரு தாளில் மடித்து வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே ஒருநாள் சென்று நல்ல காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். உங்கள் காசை வாங்க வருகிறவன் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.