மாணாக்கரின் யந்திர வேலையும் அதன் தஸ்தாவேஜும்

நமது எஞ்சினீயரிங் கலாசாலைகளில் கடைசி வருஷ மாணாக்கர் ஏதேனும் ஒரு சாதனத்தைத் தாமே வகுத்துச் செய்து காட்ட வேண்டுமென்பது வழக்கம். அதைப் பற்றிய அறிக்கை எவ்வாறு தயாராகிறதென்பதை நேயர்களில் பலர் அறிவார்கள். பரீட்சை நெருங்கிய பிற்பாடு, ஞாபகத்தில் நின்றதை அவசரமாக எழுதி, பொன்னெழுத்துப் பொறித்த அட்டை கட்டி ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு அதைத் திறந்து பார்ப்பாரில்லை. இவ்வழக்கத்தை நாம் கண்டிக்கிறோம்.

பம்பாய் ஐ.ஐ.டி. மாணாக்கர் 2007-ல் "பிரதம்" என்னும் செயற்கைக்கோளைத் தாமே அமைக்கத் துணிந்தனர். வானத்தின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்று கணிப்பது அதன் நோக்கம். சுமார் 10 கிலோகிராம் நிறையுள்ள அக்கோளை 2016 செப்டம்பர் 26-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி35 ராக்கெட் ஏந்திச் சென்றது. இடையிலே கழிந்தவை ஒன்பது வருஷங்கள்! கலாசாலைப் படிப்போ நான்கைந்து வருஷமே. முதலில் கணக்கிட்டவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட, புதிதாய் வந்த இளைஞர்கள் அவ்வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னவர் எழுதி வைக்காத வேலையைப் பின்னவர் எப்படித் தொடர முடியும்?

எழுத வேண்டியது என்ன? "இலேசாயிருக்க வேண்டும்" என்பது வெறும் ஆசை. "1 கிலோகிராமுக்கு மேற்படலாகாது" என்பதே நிபந்தனை. பின்னதை நிறுத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஏற்ற வழியை மட்டுமன்றி, தள்ளிய வழிகளையும் தள்ளிய காரணத்தையும் தேதியிட்டுக் குறிக்க வேண்டும். இல்லாவிடில் அடுத்து வருபவர் அதே குழியில் மறுபடியும் விழுவர். படத்தை மாற்றினால், மாற்றியவர் கையெழுத்திட வேண்டும். சம்பவம் நடந்த அன்றே எழுதிய குறிப்புக்கும், வழக்கு வந்த பின் எழுதிய குறிப்புக்கும் நியாயஸ்தலத்தில் உள்ள பேதத்தை எந்த வக்கீலும் சொல்லுவார்.

வேலையின் அளவையும் முன்பே வரையறுப்பது அவசியம். 1999-ல் அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், மாணாக்கர் தமது படிப்புக் காலத்திற்குள்ளேயே செய்து முடிக்கத்தக்க சிறு கோளுக்கு இலக்கணம் வகுத்தனர். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரம். "கியூப்சாட்" என்று பெயர். சில தாள்களில் அடங்கிய அவ்விதிகளைக் கொண்டு பல தேசத்து மாணாக்கரும் கோள்கள் செய்தனர்.

இங்கோ, செய்து முடித்த சாதனத்தை அறிக்கையோடு சேர்த்து விலைக்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. பெற்றோர் கடன் வாங்கிய பணம் அங்கே போகிறது. பையனுக்குத் தொழில் வருவதில்லை. அட்டை கட்டிய அறிக்கைக்கு அளிக்கும் மதிப்பெண்களில் பாதியையேனும், ஆசிரியர் வாரந்தோறும் பார்த்துக் கையொப்பமிட்ட நாட்குறிப்புக்கு மாற்றும்படி சர்வகலாசாலைகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஆறு மாதத் தவறுகளையும் திருத்தங்களையும் தேதிவாரியாக விற்பது எந்தக் கடைக்காரருக்கும் எளிதன்று. அக்குறிப்புகளை நூல்நிலையத்தில் வைத்து, அடுத்த வருஷத்து மாணாக்கர் அவ்விடத்திலிருந்தே தொடங்கவும் அனுமதிக்க வேண்டும்.