உங்களுக்குத் தெரியுமா? கட்டிக்குக் கட்டி வைத்தியம் வேறு!

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணும் பிரசாதம். சரும நோய் தீர வேண்டி பக்தர்கள் அதைப் பூசிக்கொள்வது வழக்கம். மருத்துவரோ முதலில் கட்டி எந்த வகை என்றுதான் பார்ப்பார்.

● மணிக்கட்டு நீர்க்கட்டி: உள்ளே பிசுபிசுப்பான தெளிந்த நீர். ஏறக்குறைய பாதி தானாகவே மறைந்துவிடும். வலி இல்லையென்றால் விட்டுவைக்கலாம். ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். காம்போடு அறுத்து எடுத்தால் அந்த வாய்ப்பு குறைவு. ஆனால் தழும்பு விழும். கனத்த புத்தகத்தால் அடித்து உடைப்பது ஐரோப்பாவின் பழைய கைவைத்தியம். இப்போது கூடவே கூடாது என்கிறார்கள்.

● நடுவில் கரும்புள்ளி உள்ள தோல்கட்டி: பிதுக்கினால் நாற்றமடிக்கும் வெண்பசை வெளியேறும், பை உள்ளேயே தங்கி மறுபடி நிரம்பும். பையோடு எடுப்பதே தீர்வு. சீழ் வைத்திருந்தால் முதலில் கீறி வடிப்பார்கள். ஆறிய பிறகே பையை எடுப்பார்கள்.

● கொழுப்புக்கட்டி: விரலால் அழுத்தினால் நழுவும். தொந்தரவு இல்லையேல் எடுக்கத் தேவையில்லை.

உடைந்த கட்டியில் எந்த மண்ணையும் பூசாதீர்கள். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, இறுகினாலோ, 5 செ.மீ.யைத் தாண்டினாலோ உடனே ஸ்கேன் பார்ப்பது நல்லது.