அளவோடு கொடுத்தால் மருந்து

இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் குழந்தை சோர்ந்து போகும். உடல் வெளுக்கும். இதுவே இரத்த சோகை.

இதைத் தடுக்க, 2018 முதல் இந்தியா முழுவதும் 'இரத்த சோகை இல்லா இந்தியா' திட்டம் நடக்கிறது. 6 மாதம் முதல் 5 வயது வரை இரும்புச் சத்து சிரப் கொடுக்கிறார்கள். அளவு 1 மில்லி. வாரம் 2 முறை. சோகை வந்துவிட்ட குழந்தைக்கு அளவு வேறு. அதை மருத்துவர் சொல்வார்.

சாப்பிட்ட பின் கொடுங்கள். பாலோடும் தேநீரோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகலாம். பயம் வேண்டாம்.

நிறையக் கொடுத்தால் நிறைய பலம் வருமா? வராது. அளவு மிஞ்சினால் அதுவே விஷம். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டதா? நன்றாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.