காட்டுத் தேனீக்களைத் தேடி – 9: ஒரு தேனீக்காக விதைத்த நிலம்

நியூசிலாந்தில் குடியேறிய பிரிட்டிஷ் விவசாயிகள் 19ஆம் நூற்றாண்டில் கால்நடைத் தீவனத்துக்காகச் சிவப்புக் குளோவர் பயிரிட்டார்கள். செடி செழித்தது, பூத்துக் குலுங்கியது. விதை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் விதையைக் காசு கொடுத்துக் கப்பலில் வரவழைக்க வேண்டியதாயிற்று.

காரணம் பூவின் அமைப்பில் இருந்தது. ஒரே பூவாகத் தெரியும் அந்த இளஞ்சிவப்பு உருண்டை, உண்மையில் பல குட்டிக் குழல்பூக்களின் கொத்து. ஒவ்வொரு குழலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம். தேன் இருப்பது அடியில். வளர்ப்புத் தேனீயின் நாக்கு அதுவரை எட்டுவது கடினம். நீண்ட நாக்குள்ள காட்டுத் தேனீயான பம்பிள்பீ வந்து கனமாக உட்கார்ந்து தலையை நுழைத்தால், கீழிதழ்கள் அமுங்கி, உள்ளே மறைந்திருக்கும் மகரந்தத்தாள்கள் வெளிப்பட்டு அதன் முகத்தில் பொடியை அப்பிவிடும். அந்தப் பொடி இன்னொரு செடிக்குப் போய்ச் சேர வேண்டும். தன் மகரந்தத்தைக் கொண்டே சூல்கொள்ளும் செடி அல்ல இது.

நியூசிலாந்தில் பம்பிள்பீ இல்லை, கொண்டுவர வேண்டியிருந்தது. பம்பிள்பீ கூட்டம் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கிப் பிழைக்கும். அப்படி உறங்கிய ராணிகளைத்தான் 1885இல் குளிரூட்டும் வசதியுள்ள கப்பலில் இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். பிழைத்து இறங்கியவை பெருகின, குளோவரும் விதை பிடித்தது. நியூசிலாந்தில் அப்படி நிலைகொண்ட நான்கு இனங்களில் ஒன்று குட்டைமயிர் பம்பிள்பீ.

தாய்நாட்டில் அதன் கதை வேறு. குளோவர் தின்ற ஏர்க் குதிரைகளின் இடத்தை டிராக்டர் பிடித்தது. தழைச்சத்துக்குக் குளோவரை நம்பியிருந்த நிலத்துக்கு ரசாயன உரம் வந்தது. 1930களுக்குப் பிறகு பிரிட்டன் தன் பூமண்டிய புல்வெளிகளில் 97 சதவீதத்தை இழந்தது. குட்டைமயிர் பம்பிள்பீ கடைசியாகத் தென்பட்டது 1988இல், கென்ட் கடற்கரையின் டஞ்சனஸ் பகுதியில். 2000இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

போனதைத் திரும்பக் கொண்டுவர 2009இல் ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் நியூசிலாந்து வம்சத்தையே நாடினார்கள். மிகச் சில ராணிகளிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் மரபணு வளம் குன்றியிருந்தது. வளர்ப்பு முயற்சியும் கைகூடவில்லை. பிறகு ஸ்வீடனின் தென்கோடியான ஸ்கோனேவில் ராணிகளைப் பிடித்து, ஆய்வகத்தில் தனிமைப்படுத்தி, எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தேறிய 51 ராணிகளை 2012 மே மாதம் டஞ்சனஸில் விட்டார்கள். அடுத்த ஆண்டு விடுவிப்புக்குப் பின் வேலைக்காரத் தேனீக்களைக் கண்டார்கள். எங்கோ மண்ணடியில் ஒரு ராணியாவது கூடு கட்டியிருக்கிறாள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இதில் என்னைக் கவர்ந்தது ராணிகளின் பயணமல்ல, அதற்கு முன்பே தொடங்கிய நில வேலை. திட்டத்தை நடத்திய நிக்கி காமன்ஸும் குழுவினரும் டஞ்சனஸ், ராம்னி சதுப்பு நிலப் பகுதிகளின் விவசாயிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். வயல் ஓரங்களில் குளோவரும் பிற பயறுவகைக் காட்டுச்செடிகளும் விதைக்கப்பட்டன. பூ முடியுமுன் புல் அறுக்கக் கூடாது, ஆடுமாடுகளை ஒரே மூச்சில் எல்லா வயலிலும் விடக் கூடாது என்று ஏற்பாடு. இப்படி 850 ஹெக்டேருக்கு மேல் பூநிலமாயிற்று.

ஆண்டுக்கு ஆண்டு ராணிகளைக் கொண்டுவந்து விட்டும் குட்டைமயிர் பம்பிள்பீ அங்கே நிலைகொள்ளவில்லை. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பல ஆண்டுகளாக அப்பகுதியில் காணக் கிடைக்காத வேறு அரிய பம்பிள்பீ இனங்கள் அந்தப் பூக்களுக்குத் திரும்பி வந்தன. அவற்றை யாரும் கூண்டில் அடைத்துக் கொண்டுவரவில்லை. அக்கம்பக்கத்தில் ஒண்டிக் கிடந்தவை, தீனி கிடைத்ததும் தாமாகப் பரவின. விதைக்கும் கூலிக்கும் ஆன செலவை இந்தக் கணக்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடுத்த வாரம் கோஸ்டாரிகாவின் காப்பித் தோட்டங்களுக்குப் போகிறோம். காட்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் செடிகளில், காட்டுத் தேனீக்களால் விளைச்சல் 20 சதவீதம் கூடியதை 2004இல் அளந்து காட்டிய ஆய்வு அங்கேதான் நடந்தது.