நெற்றியோரத்து முடிச்சுகள்

“கதாநாயகி மழையில் தொப்பலாக நனைகிறார்; டோப்பா கொஞ்சம்கூட நழுவவில்லையே, எப்படி?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பசையும் கொண்டை ஊசியும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டோப்பா என்றே தெரியாமலிருக்கும் சூட்சுமம் நெற்றியோரத்தில் இருக்கிறது.

நல்ல டோப்பாவின் முன்விளிம்பு மிக மெல்லிய லேஸ் துணி. நுனி வளைந்த ஊசியால் அதன் கண்களில் முடியைக் கோத்து முடிச்சுப் போடுவார்கள். பின்தலையில் ஒரு முடிச்சுக்கு நாலைந்து முடி போகலாம். நெற்றியில் ஒன்றே ஒன்று. அதையும் நேர்கோட்டில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். இங்கே கொஞ்சம் பூனைமுடி, அங்கே கொஞ்சம் ஏற்றம் என்று இருக்க வேண்டும். என் அத்தை பட்டுப்புடவைக்குக் குஞ்சம் முடிவார். அவசரப்படுத்தினால் புடவையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இதற்கும் அந்தக் குணம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஒரு குதிரைமுடி டோப்பா. ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ என்ற படம் 1927-இல் சிகாகோவில் நடக்கும் கதை. ப்ளூஸ் பாடகி மா ரெய்னியாக வயோலா டேவிஸ். கிடைத்த சில பழைய படங்களையும் தகவல்களையும் துருவிய சிகைக் கலைஞர் மியா நீல், அந்தப் பாடகி குதிரைமுடி டோப்பா அணிந்தவர் என்று கண்டுபிடித்தார். வெளிநாட்டிலிருந்து முடியை வரவழைத்தால், லத்தியும் ஈரும் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது! அத்தனையையும் சுத்தம் செய்துதான் டோப்பா கட்டினார். திரையில் அந்த விறைப்பு அப்படியே தெரிகிறது. 2021-இல் நீலுக்கும் ஜமிக்கா வில்சனுக்கும் செர்ஜியோ லோபஸ்-ரிவேராவுக்கும் ஆஸ்கர். ஒப்பனை, சிகையலங்காரப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண்கள் நீலும் வில்சனும்.

ஆஸ்கர் 1929-இலேயே தொடங்கிவிட்டது. ஒப்பனைக்கு நிரந்தரப் பிரிவு வந்தது 1981-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அதன் பெயரில் சிகையலங்காரம் சேர 2012 ஆயிற்று. எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் எலிசபெத் டெய்லர், கிரேஸ் கெல்லி தலைகளையெல்லாம் அலங்கரித்த சிட்னி கிலாரோஃப் 1997-இல் ஆஸ்கர் இல்லாமலேயே காலமானார். அவர் உழைத்த காலத்தில் கொடுக்க ஒரு பிரிவே கிடையாது.

நம் தேசிய விருதுகளில் ஒப்பனைக்கே 2006-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் இடம். சிகைக்குத் தனி விருது இல்லை. ஆனால் அந்த வேலை எளிதல்ல. காட்சிகளை முன்பின்னாக எடுக்கிறார்கள். காலையில் எடுத்த சண்டையில் கலைந்த முடி, மாதம் கழித்து எடுக்கும் அடுத்த ஷாட்டிலும் அதே இழையாகக் கலைந்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றுகிறவரை ‘ஹேர் டிரெஸ்ஸர்’ என்று ஒரு வரியில் போட்டு, அரங்கில் விளக்கு எரிந்தபின் ஓட்டுகிறோம். இத்தனைக்கும் திருமலையிலும் பழனியிலும் நாம் இறக்கும் முடி ஏலம் போய், உலகெங்கும் டோப்பாவாகிக்கொண்டிருக்கிறது.