செம்புப் பாதையும் இலவசக் கணிப்பானும்

வானொலிப் பெட்டியொன்றைத் திறந்து நோக்குவோர், பெரும்பாலும் பச்சை நிறமுடைய பலகையொன்றையும் அதன்மீது கிளைத்தோடும் மெல்லிய கோடுகளையும் காண்பர். அக்கோடுகள் செம்பாலானவை, மின்னோட்டம் செல்லும் பாதைகள் அவையே. முன்னாளில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தே கருவிகளைச் செய்தனர். 1936ஆம் ஆண்டளவில் போல் ஐஸ்லர் என்னும் ஒஸ்திரியப் பொறியியலாளர், கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டுப் பாதைகள் அமைந்த வானொலிப் பெட்டியொன்றை இலண்டனில் செய்தார். இன்றைய அச்சுச் சுற்றுப் பலகை அவ்வழி வந்ததாகும்.

கண்ணாடியிழைப் படகு கட்டிய சீநோர்த் தொழிலகத்தை அறிந்த காரைநகர் மக்களுக்கு இப்பலகையின் இயல்பு எளிதில் விளங்கும். இதுவும் கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கியதே. அதன்மேல் ஒட்டப்படும் செம்பின் தடிப்புப் பொதுவாக 35 மைக்குரோமீற்றர். தடிப்பு இவ்வாறு முன்னரே அமைந்துவிடுதலால், அமைப்பவர் தீர்மானிக்க வேண்டியது பாதையின் அகலமே.

12 வோல்ற்று மின்கலத்தால் எரியும் படகு விளக்கொன்றுக்கு ஒருவர் பலகை அமைக்கிறார் எனக் கொள்வோம். பாதை குறுகினால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் ஏறும். வெப்பம் மிகுந்து பாதை அறுந்தால் நடுக்கடலில் விளக்கு அணையும். இதற்கு வேண்டிய கணக்கைச் செய்துதரும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1992இல் பிரெஞ்சு நாட்டவரான ஜான் பியர் சாரா தொடங்கிய கீக்காட் என்னும் இலவச மென்பொருளிலும் இத்தகைய கணிப்பான் உண்டு. அதைக் கணினியில் ஒருமுறை நிறுவிக்கொண்டால், இணையத் தொடர்பின்றியும் பயன்படுத்தலாம்.

வெப்பநிலை 10 பாகை செல்சியசு மட்டும் உயரலாம் எனக் கொண்டால், வெளிப்புறப் பாதையில் 1 அம்பியர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் அகலம் போதும். 2 அம்பியருக்கோ ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் வேண்டும். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும்; அகலத்தை இரட்டித்துத் தடையைப் பாதியாக்கினாலும், வெப்பம் முன்னையிலும் இருமடங்காகவே நிற்கும். ஆகவேதான் அகலம் இருமடங்குக்கு மேலும் கூடுகிறது.

பல அடுக்குப் பலகையின் உட்புறப் பாதைக்கு அதே கணிப்பான் 2 மில்லிமீற்றர் கேட்கும். இதன் காரணத்தை அறிதல் நன்று. கணிப்பான்கள் பல, 1950களில் அமெரிக்க அரசின் நியமப் பணியகத்தில் பெற்ற அளவீடுகளின் வழிவந்த சூத்திரத்தையே கையாளுகின்றன. அச்சூத்திரத்தில் உட்பாதைக்குரிய அளவு தனியே அளந்து பெற்றதன்று. வெளிப்பாதை தாங்கும் ஓட்டத்தில் பாதியைக் காப்புக்காக எடுத்துக்கொண்டனர். பலகையே வெப்பத்தைக் கடத்திச் செல்வதால் உட்பாதையின் நிலை அத்துணை மோசமன்று என்பதைப் பின்வந்த அளவீடுகள் காட்டின. 2009இல் புதிய நியமமும் வெளிவந்தது. ஆகவே, கணிப்பான் எந்த நியமத்தைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

கணிப்பான் அறியாதன வேறும் உள. 10 பாகை என்பது சூழலின் வெப்பநிலைக்கு மேற்பட்ட உயர்வு மட்டுமே. வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டியின் உள்ளே 50 பாகை இருக்குமாயின், பாதை 60 பாகையை எட்டும். காரைநகர்க் கடற்காற்றிலுள்ள உப்பீரம் பலகையிற் படிந்தால், நெருங்கிய பாதைகளிடையே மின் கசியும். செம்பும் களிம்பேறி அரிக்கப்படும். இதற்குப் பாதைகளைச் சற்று விலக்கி அமைத்தலும், பலகைக்குக் காப்புப் பூச்சிடுதலும், பெட்டியை நீர் புகாவண்ணம் அடைத்தலும் வேண்டும்.

பெரிய ஆய்வுகூடமில்லாத தீவுப் பாடசாலையின் மாணவரும் தேர்ந்த பொறியியலாளர் கையாளும் சூத்திரத்தை இன்று செலவின்றிப் பெறுகின்றனர். அவர்கள் அக்கணக்கை ஒருமுறையேனும் தாளிற் செய்து விடையை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பின்னர்ப் பலகையைச் செய்து, முழு ஓட்டத்தையும் செலுத்தி, ஒரு மணி நேரமாயினும் அதன் வெப்பத்தை அளந்தறிந்த பின்னரே படகில் ஏற்றுதல் வேண்டும்.