வாகை சூடியோரும் விலகிய போட்டி

விலைக்கு வாங்கக்கூடிய மோட்டார்க் காரைத் திருத்தியமைத்துப் பந்தயத்தில் ஓட்டுதல் என்பதே, ஜேர்மனியில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய 'டூரிங் கார்' வாகைப் போட்டியின் அடிப்படை நோக்கமாகும். முதலாண்டு வாகை சூடிய வோல்க்கர் ஸ்ட்ரைசெக் ஒரு பந்தயத்திலேனும் முதலாவதாக வந்தவரல்லர். தொடர்ந்து சேர்த்த புள்ளிகளே அவரை உயர்த்தின.

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 1996இல் இது சர்வதேசப் போட்டியாகிப் பிறேசிலுக்கும் யப்பானுக்கும் சென்றது. களத்தில் நின்றவையோ ஒப்பல், மெர்சிடிஸ், அல்பா ரோமியோ என்னும் மூன்று நிறுவனங்களே. அவற்றின் கார்கள் தோற்றத்தில் மட்டுமே வீதிக் கார்களை ஒத்திருந்தன. உள்ளே இரண்டரை லீற்றர் எஞ்சினும், சில்லுகள் வழுக்காது காக்கும் மின்னணுக் கருவிகளும் இருந்தன. ஒப்பல் காரின் கியர்ப்பெட்டியோ திரவ அமுக்கத்தால் இயங்கியது. செலவு மலைபோற் பெருகிற்று. அதற்கேற்ற பயன் கிட்டவில்லை.

அவ்வாண்டு ஒப்பல் கலிப்ராவை ஓட்டிய மனுவேல் ரொய்ட்டர் வாகை சூடினார். ஆயினும், வென்ற ஒப்பல் நிறுவனமே ஆண்டிறுதியில் விலகியது. அல்பா ரோமியோவும் விலகியது. மெர்சிடிஸ் தனித்து நின்றது. எதிரியின்றி ஓடுவது பந்தயமாகுமா? போட்டி நின்றுபோயிற்று.

2000ஆம் ஆண்டில் அது மீண்டும் தொடங்கியபோது, செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு எல்லாக் கார்களுக்கும் பொதுவான உறுப்புகள் பல விதிக்கப்பட்டன. அவ்வாண்டு மெர்சிடிஸ் காரை ஓட்டிய பேர்ண்ட் ஷ்னைடர் வாகை சூடினார். வேகத்திற்கு எல்லை வகுக்காவிடினும் செலவிற்கு எல்லை வகுத்தாலன்றிப் போட்டி நிலைபெறாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.